சிறுகலமும் முகத்துவாரமும்

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்தின் இரும்பு உருக்காலைகளைக் கடந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோர், தமக்குக் கிழக்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில், பாரத தேசத்தின் உவர்நீர்க் கழிகளுள் சில்கா ஒன்றுக்கே பரப்பில் இளைத்ததான ஒரு பெரும் நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கிறதென்பதையும், அதன் கரையிலே இன்னமும் காற்றையும் நீரோட்டத்தையும் திதியையும் கணக்கிட்டுக் கலம் தள்ளும் ஒரு ஜனசமூகம் வாழ்ந்து வருகிறதென்பதையும் அறியாமலே போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சாலையிலிருந்து பார்த்தால் தெரிவன புகைபோக்கிகளும் லாரிகளுமே. பொன்னேரியில் இறங்கிக் கிழக்கே திரும்பி, வயல்களும் உப்பங்காடுகளும் மாறி மாறி வரும் பாதையில் பழவேற்காட்டை அடைகிறவனுக்குத்தான் திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரு கடல் முகமும் உண்டென்பது புலனாகும்.

அந்தக் கடல் முகத்தில் ஒருவரோ இருவரோ ஏறிச் செல்லத்தக்க சிறுகலங்களைக் கொண்டு, பருவத்துக்குப் பருவம் கழியிலும் கரையோரத்திலும் ஆழ்கடலிலும் மாறி மாறி மீன்பிடிக்கும் ஜீவனம் எவ்வாறு நடந்து வந்தது, இப்போது எந்நிலையில் இருக்கிறது, இனி அதற்கு இடமுண்டா என்ற கேள்வியை முழுவதுமாக எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இக்கேள்வி இப்போது எழுவதற்கு ஒரு விசித்திரமான காரணமும் உண்டு. உஷ்ணப் பிரதேசக் கடற்கரைகளில், குறிப்பாக அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில், இயந்திரப் படகுகளை விட்டுவிட்டுக் கயாக் என்னும் துடுப்புத் தோணியில் ஏறி மீன்பிடிப்பது வசதி படைத்தோரின் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்துவிட்டது. நாம் ஏழ்மையின் அடையாளமென்று கருதிக் கைவிட்டுக்கொண்டிருக்கும் ஒரு முறையை அவர்கள் விலை கொடுத்து வாங்கிக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அம்முறையின் தத்துவத்தை ஒரு தடவையாவது நிதானமாகப் பரிசீலிப்பது தகும்.

கயாக் என்பது ஆதியில் துருவப் பிரதேசத்து இனூயிட் மக்களின் கலம். எலும்பினாலும் மிதந்து வந்த மரத்தினாலும் கூடு கட்டி, கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து, ஏறியவனுடைய இடுப்போடு பொருந்தும்படி வாயை மூடிவிட்டால், பனிக்கட்டி மிதக்கும் கடலில் ஒரு துளி நீரும் உள்ளே புகாது, புகுந்தால் மரணம். ஆகவே நீரை வெளியே நிறுத்துவதே அக்கலத்தின் சாஸ்திரம். இக்கலம் வெப்பக் கடல்களுக்கு வந்து சேர்ந்தபோது அந்தச் சாஸ்திரம் தலைகீழாயிற்று. 1970களில் கலிபோர்னியாக் கரையில் உருவாகிப் பின்னர் எங்கும் பரவிய வகை, மூடிய கூடல்ல. மேலே ஏறி உட்காரும் ஒரு மிதவை. அதன் தட்டில் துளைகள் இருக்கும்; அலை ஏறினால் ஏறின நீர் அத்துளைகளின் வழியே தானே இறங்கிவிடும்; கவிழ்ந்தால் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். இன்று தூண்டில்காரர்கள் வெப்பக் கடல்களில் உபயோகிக்கும் கயாக்கில் பெரும்பகுதி இந்த வகையே.

சோழமண்டலக் கரையைச் சேர்ந்த ஒருவன் இதைக் கேட்டால் புன்னகை செய்வான். நீரைத் தடுக்காதே, வந்த வழியே போகவிடு என்பதுதான் கட்டுமரத்தின் முழுத் தத்துவமும். இலேசான மரங்களில் மூன்றோ ஐந்தோ எடுத்து, முனையைக் கூராகச் செதுக்கி, கயிற்றினால் இறுக்கிக் கட்டினால் அது கலம். உள்ளே என்பதே இல்லாத கலம் ஆதலால் அதில் நீர் நிறைவது என்பதும் இல்லை. அலை உடையும் இடத்தைக் கடக்கையில் பலகைப் படகு எதுவாயினும் அஞ்ச வேண்டியிருக்க, கட்டுமரமோ அலைக்குள் மூழ்கி மறுபுறம் எழும். ஆட்கள் விழுந்தால் நீந்தி வந்து மறுபடி ஏறிக்கொள்வார்கள். துறைமுகமே இல்லாமல் ஓயாத அலையை மட்டும் வாசலாகக் கொண்ட ஒரு கரைக்கு இதைவிடப் பொருத்தமான சாதனத்தை மனித புத்தி கற்பித்ததில்லை என்பது என் அபிப்பிராயம். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரம் மரமாகத் தூக்கிப்போய் மணலில் உலர்த்துவார்கள். நீர் குடித்த மரம் பாரமாகிவிடும் என்பதே அதற்குக் காரணம். சென்னையில் துறைமுகம் கட்டப்படுமுன், கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடுங்காற்றிலும் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்களே. 1697இல் வெளிவந்த ஆங்கிலக் கடலோடி டாம்பியரின் பயண நூலிலேயே நம் கட்டுமரம் ஆங்கில உருவம் பெற்று நிற்கிறது. அச்சொல் பிற்பாடு மேல்நாட்டில் இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகைக் குறிக்கலாயிற்று. பெயர் நம்முடையது, பொருள் வேறு யாருடையதோ. இது சொற்களுக்கு நேரும் சாதாரண விதிதான் என்று விட்டுவிடலாம்.

சென்னை ராஜதானியில் 1907இல் பிரெடரிக் நிகல்சன் தலைமையில் மீன்துறை தொடங்கியது. பின்னாளில் அத்துறையின் இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இக்கரையின் கலங்களை அங்குலம் அங்குலமாக அளந்து எழுதிவைத்தார். பறக்கும் மீனாகிய கோலாவைத் தேடிச் செல்வதற்கென்றே கட்டப்பட்ட பெரிய கோலாமரத்தையும், கரையோரத் தூண்டிலுக்கான சின்ன மரத்தையும் வேறு வேறாக அவர் விவரித்திருப்பதைப் பார்த்தால், கட்டுமரம் என்பது ஒரே கலத்தின் பெயரன்று, ஒரு குடும்பத்தின் பெயர் என்பது விளங்கும். எந்த மீனுக்கு எந்த மரம், எந்த மாதத்துக்கு எத்தனை மரம் என்பது அக்காலத்தில் தீர்மானமாயிருந்தது.

இனிக் கழிக்கு வருவோம். பழவேற்காட்டு ஏரி வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது. அதன் மிகப் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தெற்குக் கோடியாகிய சிறுபகுதி மட்டும் நம் மாவட்டத்திலும் அடங்கும். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்ட மணற்சுவராக நிற்கிறது. தெற்கே ஆரணியாறும், வடமேற்கே காளங்கியும் நன்னீர் கொண்டுவர, பழவேற்காட்டு ஊருக்கருகில் உள்ள முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. பக்கிங்காம் கால்வாயும் ஊடே செல்கிறது. 1613இல் கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டிய ஓலாந்தர்கள் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததும் இந்த அமைப்பைக் கருதித்தான்: புறத்தே கப்பல் நிற்கக் கடல், அகத்தே சரக்குத் தோணி செல்லக் கழி, இரண்டையும் இணைக்க ஒரு வாய். கோட்டை இன்று புதராகக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைகளின் செதுக்கு வேலை மாத்திரம் பார்ப்பவரை நிறுத்துகிறது.

அந்த வாயைப் பற்றித்தான் இனி அதிகம் பேச வேண்டியிருக்கும். ஏனெனில் கழிமீன்பிடிப்பும் கடல்மீன்பிடிப்பும் இரண்டு தொழில்கள் என்று நினைப்பவர்கள் வெள்ளை இறாலின் ஜீவசரித்திரத்தை அறியாதவர்கள். தாய் இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து, சேற்றிலும் பாசியிலும் சில மாதங்கள் வளர்ந்து, பருவமெய்தியதும் மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. மடவை மீனும் அப்படித்தான். ஆகவே உள்ளே வலை கட்டுகிறவனும் வெளியே வலை விரிக்கிறவனும் ஒரே மந்தையின் இரு வாசல்களில் நிற்கிறவர்களே. வாசல் அடைபட்டால் இருவரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியவர்கள்.

ஏரியின் பருவங்கள் உப்பின் பருவங்கள். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழிந்து ஆறுகள் புரண்டு வரும்போது ஏரிநீர் ஏறத்தாழ நன்னீராகிவிடும். வெள்ளத்தின் வேகத்தில் முகத்துவாரத்து மணல் அறுபட்டு வாய் அகலத் திறக்கும். தை மாசியில் நீர் தெளிந்து, கடல்நீர் ஏற ஏற உப்பு சமமாகி, இறாலும் நண்டும் கிழங்கானும் ஊடானும் மிகுந்து, வடக்கேயிருந்து வந்த பூநாரைகள் ஆழமில்லாத விளிம்புகளில் கூட்டம் கூட்டமாக நிற்கும். பங்குனி சித்திரையில் மழையுமின்றி ஆறுமின்றி வெயில் மட்டும் உறிஞ்ச, ஆழமில்லாத ஏரி கடலைக் காட்டிலும் உவர்ப்பாகிவிடும். அந்தச் சமயத்தில் முகத்துவாரமும் தூர்ந்துவிட்டால், உள்ளே அகப்பட்டது அகப்பட்டபடி வெந்து போகும். சென்னைப் பகுதியில் கடலின் ஏற்றவற்றம் மிகப் பெருகும் அமாவாசை பௌர்ணமி நாட்களிலும் ஒரு மீட்டர் அளவையே ஒட்டியது. அவ்வளவு சிறிய இழுப்பினால் ஒரு வாயைத் தானே திறந்து வைத்துக்கொள்ள இயலாது. மழையின் தயவே அதற்கு ஆதாரம்.

இத்தகைய குறுகிய வளத்தை எல்லோரும் ஒரே சமயத்தில் மொய்த்தால் அழிந்துவிடும் என்பதைப் பட்டினவர் சமூகத்தார் எப்போதோ கண்டுகொண்டு, அதற்கொரு விதியையும் வகுத்தார்கள். பாடு என்பது அதன் பெயர். முகத்துவாரத்தை அடுத்து, இறால் கடலுக்குத் திரும்பும் பாதையில், கழிகளை நட்டு வலை கட்டத்தக்க இடங்கள் சில உண்டு. அந்த இடங்களில் இன்ன நாளில் இன்ன தலைக்கட்டைச் சேர்ந்தவர்கள் வலை கட்டலாமென்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களே தமிழ்நாட்டுப் பகுதியில் இப்பாட்டுரிமை உடையவை. இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை கிடைக்காது. நல்ல இடத்தைப் பணக்காரன் விலைக்கு வாங்கவும் முடியாது. 2008இல் சாரா கூல்தார்டு என்ற ஆங்கில ஆய்வாளர் இதைப் பற்றி எழுதியபின் உலகத்து மீன்வள அறிஞர்களிடையே பழவேற்காடு பிரசித்தி பெற்றது. பொதுச்சொத்தை ஜனங்கள் தாமே காக்கமாட்டார்கள் என்ற சித்தாந்தத்துக்கு இது ஒரு மறுப்பாயிருப்பதே அப்பிரசித்திக்குக் காரணம்.

ஆனால் பாட்டைப் புகழ்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: பாடு எல்லாருக்கும் உரியதன்று. உரிமை பெற்ற ஊர்களுக்குள்ளே அது நியாயம். வெளியே நிற்கிறவனுக்கு அது வேலி. அந்த வேலிக்கு வெளியே நிற்கிறவர்களில் கடைக்கோடியில் இருப்பவர்கள் இருளர்கள். அவர்களுக்குக் கலமும் இல்லை, பலருக்கு வலையும் இல்லை. இடுப்பளவு நீரில் அமர்ந்தபடியே நகர்ந்து, சேற்றை விரலால் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். ஆணும் பெண்ணும் இதைச் செய்கிறார்கள். சிறுகல மீன்பிடிப்பைப் பற்றி எழுதும்போது கலமே இல்லாதவனைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். உப்பின் அளவிலோ சேற்றின் தன்மையிலோ நேரும் மாறுதலை எல்லோருக்கும் முந்தி உடம்பினால் அறிகிறவர்கள் அவர்களே என்பதுதான் விடை.

முகத்துவாரத்தைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது. அங்கே அதிகாரம் காற்றுக்கு. வடக்கேயிருந்து வருவது வாடை, கிழக்கேயிருந்து வருவது கொண்டல், தெற்கேயிருந்து வருவது தென்றல், மேற்கும் தென்மேற்கும் கச்சான். நீரோட்டத்துக்கும் தனிப் பெயர்கள் உண்டு: வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி என்றும் சென்னை வட்டாரத்து மீனவர் சொல்வர். கடலியலார் கருவி கொண்டு அளந்து, கிழக்குக் கரையின் நீரோட்டம் மாசி முதல் வடக்கு நோக்கியும், ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கு நோக்கியும் ஓடுகிறதென்று கூறுவதும் இதுவே. வலையை எந்தப் பக்கம் விரிப்பது, இழுத்துச் சென்ற நீரோட்டம் தன்னை எந்த ஊர்க் கரையில் கொண்டுபோய் விடும் என்பதைக் கட்டுமரக்காரன் கடலில் கைவிட்டுப் பார்த்துச் சொல்வதில் மாயம் ஒன்றுமில்லை. தப்பாகச் சொன்னால் இரவு முழுதும் துடுப்புப் போட வேண்டியவன் அவன்.

ஒரு நாளின் கணக்கும் அப்படியே. விடியுமுன் நிலத்திலிருந்து வீசும் கரைக்காற்றைப் பிடித்து வெளியே போவதும், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்ததும் பாய் விரித்துத் திரும்புவதும் மோட்டார் வருமுன் மாறாத வழக்கம். வருஷத்தின் கணக்கில், ஐப்பசி முதல் மார்கழி வரை புயலுக்கும் அலைக்கும் உரிய காலம். சிறுகலம் கழிக்குள் ஒதுங்கும். தை பிறந்து அலை தணிந்தபின் பங்குனி வரையிலுள்ள மாதங்களே கடலில் அதற்குச் சிறந்த காலம். அப்போது கரையோரத்தில் நெத்திலியும் கவலையும், சற்று வெளியே கானாங்கெளுத்தியும் வாளையும், இன்னும் தள்ளி வஞ்சிரமும் சூரையும் சீலாவும் அகப்படும். கச்சான் வீசும் ஆனி ஆடி மாதங்களில் கரையோரக் கடல் ஏரிபோல் அமைதியாயிருக்கும். அந்த அமைதியை நம்பித் துடுப்புக் கலத்தில் வெகுதூரம் போகிறவனை அதே காற்று திரும்பவிடாது. கயாக்கில் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மேல்நாட்டார் முதலில் புகட்டும் பாடம் இதுவே: முகத்தில் மோதும் காற்றைவிட முதுகில் தள்ளும் நிலக்காற்று கொடியது.

தெற்கே நாகை முதலிய கரைகளில் வைகாசியை ஒட்டித் தொடங்கும் கோலா மீன்பிடிப்பு இந்த முறையின் சிகரம் எனலாம். பறக்கும் மீன் முட்டையிடுவதற்கு மிதக்கும் செத்தையைத் தேடுவது சுபாவம். தழைக்கட்டுகளைக் கயிற்றில் கட்டி நீரில் மிதக்கவிட்டுக் காத்திருந்தால், மீன் தானே வந்து சேரும். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், கட்டப்பட்ட சில மரங்களின் மேல் இதைச் செய்தவர்கள் நம் முன்னோர். இன்று மீன்பிடிக் கப்பல் கம்பெனிகள் பெரும் செலவில் மிதவைகளை நிறுத்தி மீன் திரட்டும் உபாயத்தின் தத்துவமும் இதுவேதான்.

பிறகு நிகழ்ந்தது பலருக்கும் தெரிந்ததாகையால் சுருக்கமாகச் சொல்லி நகரலாம். பருத்தி வலை போய் நைலான் வந்தது; இழுவைப் படகு வந்தது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்ட வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் இறக்கத்தக்க மோட்டார்ப் படகுகளை வகுத்துப் பார்த்தது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை கரையில் கிடந்த கட்டுமரங்களை அடித்துச் சென்றபின், நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். கட்டுமரத்தை மரமாகக் கட்டுகிறவர்கள் அருகினார்கள். ஆயினும் சிறுகலம் என்ற எண்ணம் அழியவில்லை. ராமேசுவரம் பகுதியில் தெர்மாகோல் துண்டுகளைச் சாக்கில் இறுக்கிக் கட்டிய தெப்பத்தின்மேல் அமர்ந்து நண்டுக்கும் கணவாய்க்கும் போகிறவர்களைப் பார்த்தவர்கள், வறியவனின் கயாக் எப்படியிருக்கும் என்று கேட்க மாட்டார்கள். அது அபாயமானது, உடைந்த துணுக்குகள் கடலைக் கெடுக்கின்றன, இரண்டும் உண்மை. இலேசான மரம் கிடைக்காத காலத்தில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டான் என்பதும் உண்மை.

சட்டம் சிறுகலத்துக்கு இரண்டு பாதுகாப்புகளை அளித்திருக்கிறது. தமிழ்நாடு கடல்மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983இல் இயற்றப்பட்டபோது, கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள நீரை இயந்திரப் படகுகளுக்கு விலக்கிப் பாரம்பரிய மீனவருக்கு ஒதுக்கிற்று. இரண்டாவது, கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 தொடங்கும் மீன்பிடித் தடை. முதலில் 45 நாட்களாக இருந்து 2017 முதல் 61 நாட்களாக நீண்டது. துடுப்பும் பாயும் கொண்ட கலத்துக்கு இத்தடை இல்லை. இழுவைப் படகுகள் காசிமேட்டில் அடைந்து கிடக்கும் அந்த இரண்டு மாதங்களில் சிறுகலத்துக்காரனின் மீனுக்கு விலை ஏறும். வருஷத்தில் அவன் தலை நிமிரும் காலம் அதுதான். மூன்று கடல்மைல் என்ற கோடு கடலில் வரையப்பட்டதன்று, காகிதத்தில் வரையப்பட்டது என்ற குறை மட்டும் அன்றுமுதல் தீர்ந்தபாடில்லை.

இவை தவிரப் பழவேற்காட்டு மீனவனுக்கு வேறு பெரும்பாலோருக்கு இல்லாத ஒரு விடுமுறையும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவப்படும் நாளில் கடலுக்குப் போகக்கூடாதென்று அறிவிப்பு வரும். காற்றும் திதியும் உப்பும் சேர்ந்து வகுத்த பஞ்சாங்கத்தில் இந்த நாட்களையும் அவன் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் பூமியின் மறுபக்கத்தைப் பார்ப்பது மிகவும் பிரயோஜனமாயிருக்கும். அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில், கேப் கனாவரல் ஏவுதளத்தை ஒட்டி, ஒரு நீண்ட மணல்தீவின் பின்னே, இந்தியன் ஆற்றுக்கழி என்றும் மஸ்கிட்டோ கழி என்றும் பெயர் பெற்ற உவர்நீர்ப் பரப்புகள் கிடக்கின்றன. மணல்தீவு, அதன்மேல் ராக்கெட், பின்னால் ஆழமில்லாத கழி, கடலுக்குச் சில வாய்கள் என்று அமைப்பில் பழவேற்காட்டின் இரட்டைப் பிறவி போன்ற இடம் அது. கயாக் மீன்பிடிப்புக்கு அந்நாட்டில் மிகப் பிரசித்தி பெற்ற ஸ்தலங்களில் ஒன்றும் அதுவே. அங்கே கழிக்குள் தேடப்படும் செம்மீன் நம் கத்தாளையின் குலத்தைச் சேர்ந்தது. புரட்டாசி ஐப்பசியில் கூட்டம் கூட்டமாகக் கடலுக்கு வெளியேறும் மடவை நம் ஏரியிலும் உள்ள அதே மடவை. அலையைக் கடந்து வெளியே போகிற துணிச்சல்காரர்கள் துரத்தும் ராஜமீன் நம் வஞ்சிரத்தின் சகோதரம். ஏவுதளத்தின் பாதுகாப்பு எல்லைக்குள் அடங்கிய கழிப்பகுதி ஒன்றில் மோட்டார் பொருத்திய படகே நுழையக்கூடாதென்று விதியும் உண்டு. துடுப்புக்காரருக்கு மட்டும் அது திறந்திருக்கிறது.

ராக்கெட்டும் சிறுகலமும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல என்பதற்கு இது ஓர் உதாரணம். எனினும் பிளாரிடாவைச் சொர்க்கமென்று நான் வருணிக்கவில்லை. கரையோர ஊர்களின் கழிவும் உரமும் சேர்ந்து 2011இல் அக்கழியில் பாசி பெருகி, நீரடிப் புல்வெளிகள் பரந்த அளவில் மடிந்தன; மீனும் கடற்பசுவும் துன்புற்றன. கயாக்கில் போகிறவன் அங்கே மீன் குறைந்துவிட்டதென்று வருந்துவான், வேறிடம் போவான். பொழுதுபோக்குக்கும் ஜீவனத்துக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. மாதாகுப்பத்துக்காரனுக்குப் போவதற்கு வேறு ஏரி கிடையாது.

நம் பக்கத்தில் இப்போது நேர்ந்திருப்பது என்ன? சோழமண்டலக் கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகின்றன. இந்த ஓட்டத்தின் குறுக்கே கல்லைக் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் மெரினா அகன்றதும் ராயபுரத்துக் கரை கரைந்ததும் அதன் பலன். இந்தப் பாடத்தைக் கற்ற பிறகும், 2001இல் எண்ணூரில் காமராஜர் துறைமுகமும், அதற்கு வடக்கே அடுத்த பத்தாண்டில் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன. பழவேற்காடு இவற்றின் வடக்கே இருக்கிறது. கரையோரத்தில் மணலின் நடமாட்டம் மாறும்போது, ஏற்கெனவே மழையின் தயவில் திறந்து மூடும் ஒரு வாய்க்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. வாய் அடைபட்ட வருஷங்களில் மீனவர்களே பணம் திரட்டி மண்வெட்டியும் இயந்திரமும் கொண்டு மணலை அள்ளிக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். அடுத்த அலை மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடும்.

சற்றுத் தெற்கே கொசஸ்தலையாற்றின் முகமாகிய எண்ணூர்க் கழியில் கதை இன்னும் கசப்பானது. அனல்மின் நிலையங்களின் சாம்பற்குழம்பு குழாய் உடைந்து கழியில் படிந்ததும், வெந்நீர் கலந்ததும் ஒருபுறம். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் புரண்டு வந்து வலையையும் படகையும் கறுப்பாக்கியதும் மறுபுறம். அங்கே சிறுகலம் இருக்கிறது, பிடிக்கத் தெரிந்தவன் இருக்கிறான், பருவமும் வந்து போகிறது. பிடித்ததை வாங்குகிறவன் எண்ணூர் மீனா என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

மீன்பிடிப்புக்குப் பதிலாகச் சுற்றுலாக் கயாக்குகளை விட்டால் என்ன என்று யோசனை சொல்கிறவர்கள் அவ்வப்போது தோன்றுவதுண்டு. 2011 டிசம்பர் 25ஆம் தேதி பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். முகத்துவாரத்தை அண்டிய நீர், பார்வைக்குக் குளம்போலிருந்து, வற்றம் தொடங்கியதும் ஆறாகிவிடுவது. மிதவைச் சட்டையும், நீரோட்டம் அறிந்த உள்ளூர்த் துணையும், நாளும் நேரமும் குறித்த ஒழுங்கும் இல்லாமல் அங்கே எவரையும் இறக்குவது தகாது. இவையெல்லாம் ஏற்பட்டாலும் அது மீனவனுக்கு உபதொழில் ஆகலாமே ஒழிய, இறால் வராத ஏரிக்கு ஈடாகாது.

ஆக, கேள்வி கலத்தைப் பற்றியதே அன்று என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். கட்டுமரமானாலும் பைபரானாலும் துளையிட்ட பிளாஸ்டிக் கயாக்கானாலும், இக்கரைக்கு ஏற்ற கலத்தின் தத்துவம் எப்போதோ தீர்மானமாகிவிட்டது; இறக்கும் இடத்துக்கு வெளியே மீன் இருக்கிறதா என்பதே எஞ்சியது, அது முகத்துவாரத்தைப் பொறுத்தது. அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு அவ்வாயின் இருபுறமும் கற்சுவர் எழுப்பி அதை நிலையாகத் திறந்துவைக்கும் பணியை மேற்கொண்டது, மீனவர்கள் நெடுங்காலம் கேட்டு வந்ததன் பேரில்தான். நான் அதை வரவேற்கிறேன். ஆனால் வடக்கே போகும் மணலுக்குக் குறுக்கே இன்னுமொரு கல் விழுகிறது என்பதையும், சுவருக்கு அப்பால் இருப்பது ஸ்ரீஹரிகோட்டாவின் மெல்லிய மணற்கரை என்பதையும் மறக்காமலே வரவேற்கிறேன். சுவரின் தென்புறத்தில் சேரும் மணலை ஆண்டுதோறும் அள்ளி வடபுறத்தில் கொட்டுவதற்குப் பணம் ஒதுக்கப்படுமானால் பெரும் தீங்கில்லை. பங்குனிக் கடைசியில், கழியின் மேற்குக் கரையிலுள்ள சுண்ணாம்புகுளம் பக்கத்து நீரை எடுத்து உப்பளந்து பார்ப்பவர்களுக்கும், அதே வாரத்தில் பாட்டில் வலை கட்டும் தலைக்கட்டுக்காரர்களுக்கும், சுவர் பயன்பட்டதா என்பது எவரும் அறிக்கை எழுதுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.